அரிவாள் கிடைத்தது, சரி, எப்படிக் கிடைத்தது?

கேள்வி: நாகர்கோவில் அமர்வு நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கைப் பார்வையாளனாகக் கவனித்து வருகிறேன். சாட்சியத்தை எப்படிக் குறித்துக்கொள்வது?
– வாசகர், தக்கலை

பதில்: முதலில் குறிப்பில் வரும் சுருக்கங்கள்: அ.சா. என்றால் அரசு தரப்புச் சாட்சி, அ.சா.ஆ. என்றால் அத்தரப்பு ஆவணம், சா.பொ. என்றால் சான்றுப் பொருள். சாட்சிக்கு ஒரு தாள் ஒதுக்கி, இடப்பக்கத்தில் முதல் விசாரணையையும் (சாட்சியை அழைத்த தரப்பு கேட்பது) வலப்பக்கத்தில் குறுக்கு விசாரணையையும் (எதிர்த்தரப்பு கேட்பது) எழுதுங்கள். வெறும் முதல் விசாரணையைக் கேட்டுவிட்டுக் கிளம்பினால் பாதி வழக்குதான் தெரியும்.

பலரும் தடுமாறுவது வாக்குமூலத்தில்தான். "இந்த அரிவாளால் வெட்டினேன், தோப்புக் கிணற்றில் போட்டேன்" என்று காவலில் இருப்பவர் போலீசாரிடம் சொன்னதாக வைத்துக்கொள்வோம். வெட்டியதாகச் சொன்னது ஏற்கப்படாது. கிணற்றில் போட்டதாகச் சொன்னது, அதன்படி அரிவாள் கிடைத்தால் மட்டும் ஏற்கப்படும் (பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 27, அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதிநியம் சட்டத்தில் பிரிவு 23). ஆகவே மகஜர் சாட்சி (பொருளைக் கைப்பற்றியபோது உடனிருந்து, அதற்கான பதிவில் கையெழுத்திட்டவர்) சொல்வதைக் கூர்ந்து கேளுங்கள்: எங்கே கையெழுத்திட்டார்? அங்கேயே சீல் வைத்தார்களா? கிணற்றடியா, ஸ்டேஷனா என்பதில் அவர் தடுமாறினால் அந்த மீட்பே ஆட்டம் காணும்.

முதல் தகவல் அறிக்கை மாஜிஸ்திரேட்டிடம் சேர்ந்த நேரத்தையும் குறியுங்கள். விளக்கமில்லாத தாமதம் சந்தேகத்துக்கு இடம் தரும். பிறழ் சாட்சி (தன்னை அழைத்த தரப்புக்கே எதிராக மாறிப் பேசுபவர்) என்றால் அவர் சொன்னது முழுக்க வீண் என்று அடித்துவிடாதீர்கள். நம்பத்தக்க பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம்.

உள்ளே போகும்போது செல்போனை அணைத்துவிடுங்கள். அடுத்த வாய்தாவை நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பார்க்கலாம்.