விங் ஃபொயில் பழகுமுன் கரையில் நின்று இறக்கையைப் பிடித்துப் பழகத்தான் வேண்டுமா?

விங் ஃபொயில் என்பது, காற்றடைத்த இறக்கையைக் கையில் பிடித்தபடி, அடியில் ஃபொயில் என்ற நீர்ச்சிறகு பொருத்திய பலகையில் நின்று, தண்ணீருக்கு மேல் எழும்பி ஓடும் விளையாட்டு. கரைப் பயிற்சி நேர விரயம் இல்லையா, நேரே தண்ணீரில் இறங்கினால் ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இறக்கை கைக்கு வந்துவிட்டது, கடல் கண்முன்னே கிடக்கிறது, பொறுமை போதவில்லை என்றே ஊகிக்கிறேன், ஏனெனில் மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் அந்த நிலையில்தான் இருந்தேன். நான் பயிற்றுநர் இல்லை. திருகோணமலையில் பிறந்து வளர்ந்து, முப்பது வயதுக்கு மேல் இதைப் பழகியவள். வேறு கடற்கரைகளில் வேறு முறை சரியாக இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை.

சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணா 5 சதுர மீற்றர் இறக்கையையும் அகலமான பலகை ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். ஆடி மாதம், உப்புவெளியில் கடல் குளம்போல் கிடந்தது. இரண்டு நாளாவது மணலில் பழகு என்று அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. பலகையில் முழங்காலிட்டு இறக்கையை உயர்த்தியதும் அது இழுத்தது. பயத்தில் பின்கையை, அதாவது இறக்கையின் பின்பக்கத்தைப் பிடித்திருந்த கையை, நெஞ்சோடு இறுக்கினேன். ஆனால் பின்கையை இழுக்க இழுக்க இறக்கையில் காற்று நிறைந்து விசை கூடும். அந்தக் கையை விட்டால்தான் இறக்கை முன்கையில், அதாவது முன்விளிம்பருகே பிடித்த கையில், கொடிபோல் படபடத்து ஓயும். காணொளிகள் பார்த்து எனக்கு இது தெரிந்திருந்தது, என் கைக்குத் தெரிந்திருக்கவில்லை. நாலைந்து முறை விழுந்து எழுந்து திரும்பிப் பார்த்தபோது, கரையிலிருந்த தென்னைகள் விரல் உயரத்துக்குச் சிறுத்திருந்தன.

மே முதல் செப்ரெம்பர் வரை எங்கள் பக்கம் வீசும் கச்சான், தரையிலிருந்து கடலை நோக்கிப் போகும் காற்று. கரையோரத்தில் அலை எழாமல் இருப்பதற்கும் அதுவே காரணம், பழகாதவரை வெளியே கொண்டுபோவதும் அதுதான். தென்னைகளையும் கட்டடங்களையும் தாண்டி வருவதால் கரையருகே அது விட்டுவிட்டு வீசும், தள்ளிப் போகப் போக வலுக்கும். அதாவது நீங்கள் எவ்வளவு களைத்திருக்கிறீர்களோ அவ்வளவு பலமான காற்றை எதிர்த்துத் திரும்ப வேண்டியிருக்கும். மீன்பிடித்துத் திரும்பிய வள்ளத்தில் இருந்த பெரியவர் ஒருவர்தான் என்னை ஏற்றிக்கொண்டார். அவர் ஏசவில்லை. “கச்சானுக்குக் கடல் இப்பிடித்தான் பிள்ளை படுத்துக் கிடக்கும், போறது லேசு, வாறதுதான் பாடு” என்று மட்டும் சொன்னார்.

என் அப்பா நாற்பது ஆண்டுகள் இதே கடலில் தொழில் செய்தவர். வீட்டிலேயே இருந்த அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கைபேசியில் காற்றுத் திசை காட்டும் அம்புக்குறியைப் பார்த்துவிட்டு இறங்கினேன் என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது. இங்கே காற்று விளையாட்டுக்கு வருகிற பலரும் கரைவலை இழுப்பவர்களிடம் எதுவும் கேட்பதில்லை. அவர்களுக்குத் தெரிந்ததை ஓர் அறிவாகவே எண்ணுவதில்லை. எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு.

அதன்பின் பதினொரு நாள் மணலில் நின்றேன். காற்று முதுகில் படும்படி நின்று, முன்விளிம்பின் நடுவிலுள்ள கைப்பிடியை ஒரு கையால் மட்டும் பிடித்து, இறக்கையை முன்னால் படபடக்க விட்டுச் சும்மா நிற்பதுதான் முதற்பாடம். பார்ப்பவருக்கு அது ஒன்றுமில்லாததுபோல் தோன்றும், ஆனால் தண்ணீரில் உங்களுக்கு இருக்கும் ஒரே பிரேக் அதுதான். பிறகு முன்கையை உயர்த்தி, பின்கையால் இறக்கையின் நடுவே ஓடும் குழாயின் பிடியை எட்டி மெதுவாக இழுத்து, காற்றுக்குக் குறுக்கே ஐம்பது அடி நடந்து, இறக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் கைமாற்றித் திரும்பி வருவேன். இறக்கையின் முனை மணலில் உரசினால் முன்கை தாழ்ந்துவிட்டது என்று பொருள், துணியும் தேய்ந்துபோகும். கவிழ்ந்த இறக்கையின் ஒரு முனையை உயர்த்திக் காற்றை அடியில் விட்டுப் புரட்டுவதையும், மணலில் கிடத்திய பலகையில் முழங்காலிட்டு, இறக்கையின் இழுவையிலேயே எழுந்து நிற்பதையும் பலமுறை செய்தேன். 10 முதல் 12 நொட் (மணிக்குச் சுமார் 19 முதல் 22 கிலோமீற்றர்) காற்று இதற்குப் போதும். ஆட்களும் மின்கம்பிகளும் இல்லாத இடமாகப் பாருங்கள்.

கரையில் எல்லாம் வந்துவிடும் என்று நான் சொல்வதாகத் தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபொயில் பலகையைத் தூக்கும் கணத்தில் எடையை முன்காலுக்கு மாற்றும் நிதானம் தண்ணீரில் மட்டுமே வரும். தரையில் கால் ஊன்றி நிற்பதால் இழுவை முழுவதும் தோளில் விழும், தண்ணீரிலோ பலகை நகர்ந்து அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும்.

அந்தப் பதினொரு நாளும் அப்பா ஒரு தென்னையின் கீழ் உட்கார்ந்திருந்தார். இறக்கையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பின்னாலிருந்து ஓலைகள் சரசரக்கத் தொடங்கியதும் “வருது, விடு” என்பார். நான் பின்கையை விடுவேன். இரண்டு மூன்று நொடியில் காற்று வந்து மோதும். கடைசி நாள் அண்ணாவோடு எதையோ பேசிக்கொண்டே நடந்தபோது ஓலை சரசரத்தது, அப்பா வாய் திறக்குமுன் என் பின்கை தானாக விட்டுவிட்டது. மறுநாள், பக்கத்தில் ஒரு வள்ளத்தை நிறுத்திவைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன்.