டர்பனில் மெக்கானிக்கல் டிப்ளமா படிக்கிறேன். ஆட்டோகேட் அல்லது சாலிட்ஒர்க்ஸ் சான்றிதழ் வாங்கினால் வேலைக்கு உதவுமா?

டிப்ளமா பாடங்கள் முடியப் போகின்றன, தொழிற்பயிற்சிக்கு இடம் கிடைக்கவில்லை, சாட்ஸ்வொர்த்தில் ஒரு பயிற்சி மையம் கணினியில் வரைபடம் போடும் ஆட்டோகேட் மென்பொருள் கோர்ஸுக்குப் பெரிய தொகை கேட்கிறது, கட்டிச் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதே கட்டிவிடாதீர்கள், தம்பி. கோர்ஸ் முடிந்ததும் கையில் தரப்போவது யாருடைய சான்றிதழ் என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள். பல மையங்கள் தருவது 'இந்த வகுப்பில் படித்தார்' என்கிற அவர்களுடைய சொந்தச் சான்றிதழ். மென்பொருள் நிறுவனமே தேர்வு வைத்துத் தருவது வேறு. ஆட்டோகேட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க்கில் மாணவர் நிலைக்குச் 'சர்டிஃபைடு யூசர்', அனுபவம் உள்ளவர்களுக்குச் 'சர்டிஃபைடு புரொஃபஷனல்'. இந்த இரண்டாவது சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். சாலிட்ஒர்க்ஸில் தொடக்க நிலை சி.எஸ்.டபிள்யூ.ஏ., அதற்கு மேல் சி.எஸ்.டபிள்யூ.பி. இவற்றை வேலை தருபவர் இணையத்திலேயே சரிபார்த்துக்கொள்ள முடியும். மையத்தின் சான்றிதழை அப்படிச் சரிபார்க்க வழியில்லை என்பதால் அதற்கு அதிக மதிப்பும் இல்லை.

எந்த மென்பொருள் என்பது நீங்கள் எங்கே வேலைக்குப் போக நினைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கார் தொழிலில் கேட்டியா, என்.எக்ஸ். இரண்டும் அதிகம். பிராஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா தொழிற்சாலையை ஒட்டிய வேலைகளில் கண் இருந்தால் இவற்றின் பெயராவது தெரிந்திருக்க வேண்டும். சாலை, வடிகால் என்றால் சிவில் 3டி. மெஷின் பாகம், வெல்டிங், தகடு வேலை செய்யும் நடுத்தரப் பட்டறைகள்தான் உங்கள் குறி என்றால் சாலிட்ஒர்க்ஸோ இன்வென்டரோ கற்றுக்கொள்ளுங்கள், கூடவே ஆட்டோகேட்டும் கைப்பழக்கமாக இருக்கட்டும். பழைய வரைபடங்கள் பெரும்பாலும் அதில்தான் கிடக்கின்றன.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் சி.எஸ்.டபிள்யூ.ஏ.வில் தொடங்குவேன். அந்தத் தேர்வு உங்களை உட்காரவைத்து வரைய வைக்கிறது, எனக்கு அதில் பிடித்தது அதுதான். ஒரு பாகத்தின் அளவுகளையும் உலோகத்தையும் கொடுத்து, வரைந்த பிறகு எடை எத்தனை கிராம் என்று கேட்பார்கள். அடுத்த கேள்வியில் அதே பாகத்தின் சில அளவுகளை மாற்றிவிட்டு மறுபடி எடை கேட்பார்கள். முதலில் ஸ்கெட்சின் கோடுகளை அளவும் நிபந்தனையும் கொடுத்து ஒழுங்காகக் கட்டிப்போடாதவர்களுக்கு இந்த இடத்தில் பாகம் முழுக்கக் கலைந்துவிடும். மாறப்போகும் அளவுகளுக்கு ஆரம்பத்திலேயே குளோபல் வேரியபிள் (பெயரிட்டு ஒரே இடத்தில் வைக்கும் எண்) வைத்துக்கொண்டால் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். யூனிட் மில்லிமீட்டர், கிராமில் இருக்கிறதா, உலோகம் சரியாகக் கொடுத்தோமா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். மாதிரித் தேர்வு நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. சில கல்லூரிகளில் மாணவர்களுக்குத் தேர்வு வவுச்சரும் தருகிறார்கள், உங்கள் விரிவுரையாளரைக் கேட்டுப் பாருங்கள். ஆட்டோடெஸ்க் மென்பொருள்களுக்கு மாணவர் உரிமம் இலவசம். ஆண்டுக்கொருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம். சி.எஸ்.டபிள்யூ.பி. மூன்று பகுதி, தனித்தனி நாளில் எழுதலாம், ஆனால் அதற்கு இப்போது அவசரமில்லை.

சரி, சான்றிதழ் வந்துவிட்டது, நேர்காணலுக்கும் கூப்பிட்டுவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே கேட்கப்போவது வேறு.

நான் வேலை செய்வது சர்க்கரை ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையின் டிராயிங் ஆபீஸில். இந்த மாகாணத்தில் ஏப்ரல் வாக்கில் தொடங்கும் கரும்பு அரவை ஆண்டுக் கடைசி வரை ஓடும். அது நின்ற பிறகு கிடைக்கும் சில மாதங்களுக்குள் தேய்ந்ததையெல்லாம் மாற்றியாக வேண்டும். அப்போது வரைபடமே இல்லாத ஷாஃப்ட்டுகள் (சுழல் தண்டுகள்) வந்து இறங்கும். மைக்ரோமீட்டர் வைத்தால் 49.93 மில்லிமீட்டர் காட்டும். புதிதாக வந்தவர் அதையே வரைபடத்தில் போடுவார், மென்பொருளும் மறுப்புச் சொல்லாமல் வரைந்து கொடுத்துவிடும். பட்டறை செய்து தருவதோ தேய்ந்த ஷாஃப்ட்டின் நகலாக இருக்கும். அது புஷ்ஷுக்குள் (தண்டைத் தாங்கும் உலோகக் குழல்) சுழலும் 50 மில்லிமீட்டர் ஷாஃப்ட், எச்7/ஜி6 பொருத்தம் (துளைக்கும் ஷாஃப்ட்டுக்கும் அளவு வரம்பு சொல்லும் குறியீடு) என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். அப்படியானால் துளை 50.000 முதல் 50.025 வரை, ஷாஃப்ட் 49.975 முதல் 49.991 வரை. நடுவில் இருக்கும் இடைவெளி 0.009 முதல் 0.050. எண்ணெய்ப் படலத்துக்கு அந்த இடைவெளி வேண்டும், அதற்கு மேல் போனால் ஷாஃப்ட் ஆடும்.

சி.எஸ்.டபிள்யூ.ஏ. உங்களிடம் இதைக் கேட்காது. பட்டறையில் முதல் வாரமே கேட்பார்கள். அதனால் மென்பொருளோடு சேர்த்து ஐ.எஸ்.ஓ. 286 பொருத்த அட்டவணையைப் படியுங்கள். தென்னாப்பிரிக்காவின் வரைபடத் தரநிலை சான்ஸ் 10111-ஐயும் ஒருமுறை புரட்டுங்கள். பள்ளியில் இ.ஜி.டி. (பொறியியல் வரைபடப் பாடம்) எடுத்திருந்தால் அதன் மெக்கானிக்கல் தாளில் பார்த்தது பாதி நினைவுக்கு வரும். லேத்தில் கடையும் டர்னர்களிடமும் ஃபிட்டர்களிடமும் போய் நின்று 'இந்த மூலைக்குள் டூல் போகுமா?' என்று கேளுங்கள். அவர்கள் சொல்லித்தருவதை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

இன்னொன்று. இந்த மாதிரி வரைபட மென்பொருள் சான்றிதழ் தென்னாப்பிரிக்க என்ஜினீயரிங் கவுன்சில் பதிவுக்கு ஈடாகாது. அந்தப் பதிவு 2000-ஆம் ஆண்டின் சட்டப்படி நடப்பது. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட படிப்பும் மேற்பார்வையில் செய்த வேலை அனுபவமும் வேண்டும். டிப்ளமாவோடு கேண்டிடேட் டெக்னீஷியனாக, அதாவது முழுப் பதிவுக்கு முந்தைய பயிற்சி நிலையில், தொடங்கலாம். ஆகவே தொழிற்பயிற்சி இடம் தேடுவதை எந்தத் தேர்வுக்காகவும் நிறுத்தாதீர்கள். பாடம் எல்லாம் முடித்தும் பயிற்சி கிடைக்காமல் டிப்ளமா கைக்கு வராத பிள்ளைகள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. சான்றிதழ் உங்கள் விண்ணப்பத்தை அந்தக் குவியலில் கொஞ்சம் மேலே கொண்டுவரும் என்பதற்காகவே அதை எழுதச் சொல்கிறேன்.

வீட்டிலிருந்து தேர்வு எழுதினால் மின்சாரத்தை யோசியுங்கள். 2023-இல் மின்வெட்டால் பட்ட பாடு இப்போது இல்லை, ஆனாலும் ஏரியாவில் திடீரென்று போவது உண்டு. லேப்டாப் முழு சார்ஜில் இருக்கட்டும், ரவுட்டருக்குச் சின்ன யு.பி.எஸ். வையுங்கள், ஒவ்வொரு கேள்விக்கும் மாடலைத் தனிப் பெயரில் சேமியுங்கள்.

அதுவரை, வீட்டில் கிடக்கும் பழைய பம்ப்போ கியர்பாக்ஸோ ஒன்றைக் கழற்றி அளந்து, மாடல் செய்து, டாலரன்ஸோடு (அனுமதிக்கும் அளவு வித்தியாசம்) ஒரு ஏ3 தாளில் வரைபடம் போடுங்கள். அதை விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பலாம். அனுப்பும் முன் எனக்குக் காட்டினால் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.