ஒரு முறை ஃப்ளூ வந்தவருக்கு மறுபடியும் ஏன் வருகிறது?

கேள்வி: "ஃப்ளூ ஒரு முறை வந்துவிட்டால் உடம்பில் எதிர்ப்பு சக்தி உருவாகிவிடும் என்கிறார்களே, அப்புறம் ஏன் என் அப்பாவுக்கு ஒரே வருடத்தில் இரண்டு முறை வந்தது? அவருக்கு எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டதா?"

இரண்டு முறை ஃப்ளூ வந்ததை மட்டும் வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கேள்வியை இங்கே கேட்பதற்கு முன்னால் நாலு பேராவது உங்களிடம் "சத்தான சாப்பாடு கொடுக்கலையா", "கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கலாமே" என்று கேட்டிருப்பார்கள். நீங்களும் எங்கே தப்பு செய்தோம் என்று ராத்திரியெல்லாம் யோசித்திருப்பீர்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது.

நான் டாக்டர் இல்லை. பதினாறு வருடமாகப் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். "வாத்தியாருக்கு எதற்கு வைத்தியம்" என்று கேட்பவர்களுக்கு: நான் வைத்தியம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததையும், அது ஏன் நடந்தது என்று பிறகு எனக்குப் புரிந்ததையும் சொல்கிறேன்.

என் மாமியார் 1957-ல் பிறந்தவர். பத்து வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. 2022 அக்டோபரில் அவருக்குக் காய்ச்சல் வந்து, பரிசோதனையில் எச்1என்1 என்று தெரிந்தது. ஊரில் இன்னும் பன்றிக் காய்ச்சல் என்று சொல்கிறார்களே, அதுதான். ஒரு வாரத்தில் எழுந்துவிட்டார். அதோடு விட்டது என்று நினைத்தோம். 2023 மார்ச்சில் மறுபடியும் காய்ச்சல். இந்த முறை ரிப்போர்ட்டில் எச்3என்2. என் நாத்தனார் போனில் சொன்னது இன்றும் காதிலேயே இருக்கிறது. "அண்ணி, அம்மாவுக்கு எதிர்ப்பு சக்தியே இல்லாமப் போச்சு. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறீங்க. அவங்க மதியம் என்ன சாப்பிடறாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

அத்தைக்கு மதியச் சாப்பாட்டை நான் காலை ஆறு மணிக்கே சமைத்து வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். அது இருக்கட்டும்.

அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது. எச்1, எச்3. வைரஸின் மேல் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கிற ஹீமக்ளூட்டினின் என்ற புரதத்தின் வகைதான் இந்த எச். நம் மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள செல்களின் மேல் சயாலிக் அமிலம் என்று ஒரு சர்க்கரைப் பொருள் இருக்கிறது. வைரஸ் அதை இந்த முள்ளால்தான் பிடித்துக்கொள்கிறது. பிடித்த வைரஸைச் செல் தானே ஒரு சின்னப் பைக்குள் வைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. பைக்குள் அமிலத்தன்மை கூடியதும் முள் வடிவம் மாறி, வைரஸின் உறையையும் பையின் சுவரையும் ஒட்டவைத்து ஒரு வழி உண்டாக்குகிறது. உள்ளேயிருந்து வைரஸின் மரபுச் செய்தியான எட்டுத் துண்டு ஆர்என்ஏ வெளியே வந்து நேராக உட்கருவுக்குப் போகிறது. ஆர்என்ஏ வைரஸ்களில் பெரும்பாலானவை உட்கருவுக்குள் போகாமலே வேலையை முடித்துக்கொள்ளும். இது போகிறது. போய், செல்லின் சொந்த எம்ஆர்என்ஏக்களின் (எந்தப் புரதம் செய்ய வேண்டும் என்று சொல்லும் செய்தி நகல்களின்) முன்பக்கத்தை வெட்டி எடுத்துத் தன் எம்ஆர்என்ஏவுக்குத் தலையாக வைத்துக்கொள்கிறது. அப்புறம் அந்தச் செல் வைரஸ் சொன்னபடிதான் புரதம் செய்யும். இவ்வளவையும் செய்கிற இந்த வைரஸ், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு அளவுதான்.

புதிதாக உருவான வைரஸ்கள் செல்லை விட்டு வெளியே வரும்போது அதே சயாலிக் அமிலத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை வெட்டி அவற்றை விடுவிப்பதுதான் நியூராமினிடேஸ், அதாவது பெயரில் உள்ள என். ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஒசெல்டாமிவிர் மாத்திரை இந்தக் கத்திரியைத்தான் பிடித்துக்கொள்கிறது. வைரஸ் பெருகி முடித்த பிறகு கத்திரியைப் பிடித்து அவ்வளவு பலன் கிடைக்காது. அதனால்தான் அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். (சர்க்கரை உள்ளவர்கள், வயதானவர்கள், நிலைமை மோசமாகிறவர்கள் என்றால் தாமதமானாலும் டாக்டர்கள் கொடுப்பது உண்டு. "நேரம் போயிற்று" என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.)

இப்போது உடம்பின் பக்கம். வைரஸ் நுழைந்த செல் இன்டர்ஃபெரான் என்ற பொருளை வெளியிடுகிறது. சாகப்போகிற வீட்டுக்காரர் பக்கத்து வீடுகளுக்குக் குரல் கொடுத்துவிட்டுப் போவது போல. அதைக் கேட்ட செல்கள் வைரஸ் தங்களுக்குள் பெருகாதபடி தயாராகின்றன. கூடவே சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் பொருள்கள் ரத்தத்தில் ஏறுகின்றன. காய்ச்சல், கை கால்களை அடித்துப் போட்ட மாதிரி வலி, சாப்பாடு பிடிக்காமல் போவது எல்லாம் பெரும்பாலும் இவற்றால் வருபவை. வைரஸ் பெரும்பாலும் மூச்சுப் பாதையோடு நின்றுவிடுகிறது, காலுக்கோ முதுகுக்கோ போவதில்லை. யோசித்துப் பாருங்கள், உங்கள் அப்பாவுக்கு 102 டிகிரி அடித்ததென்றால் அதைச் செய்தது அவருடைய எதிர்ப்பு சக்திதான். அது வேலை செய்துகொண்டிருக்கும்போதே "எதிர்ப்பு சக்தி இல்லை" என்று சொல்வது எப்படி நியாயம்?

இதெல்லாம் முதல் சில நாட்களின் கதை. ஒரு வாரத்தை ஒட்டி, வைரஸ் புகுந்த செல்களைத் தேடிக் கொல்லும் டி செல்கள் வந்து சேருகின்றன. பி செல்கள் எதிர்ப்பொருள்களை, ஆன்டிபாடி என்கிறோமே அவற்றைச் செய்யத் தொடங்குகின்றன. இவை பெரும்பாலும் அந்த முள்ளின் தலைப்பகுதியில் போய் உட்கார்ந்து, அது செல்லைப் பிடிக்க முடியாமல் செய்கின்றன. நோய் போன பிறகும் நினைவு செல்கள் இருக்கும். எவ்வளவு காலம் தெரியுமா? 1918 பெருந்தொற்றின் காலத்தில் சிறு பிள்ளைகளாக இருந்து உயிரோடு இருந்தவர்களின் ரத்தத்தை 90 வருடம் கழித்து, 2008-ல் வெளியான ஓர் ஆய்வில் பரிசோதித்தார்கள். அந்தப் பழைய வைரஸைத் தடுக்கும் எதிர்ப்பொருள் அவர்களிடம் அப்போதும் இருந்தது. உடம்பு மறப்பதில்லை.

வைரஸ்தான் முகத்தை மாற்றிக்கொள்கிறது. தட்டம்மை வைரஸின் வெளிப்புறம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அதனால்தான் அது ஒரு முறை வந்தால் வாழ்நாளுக்கும் போதும். ஃப்ளூ வைரஸ் தன் ஆர்என்ஏவை நகலெடுக்கும்போது பிழைகளைத் திருத்துவதில்லை. முள்ளின் தலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றங்கள் சேர்ந்து, சில வருடங்களில் பழைய எதிர்ப்பொருளுக்கு அடையாளம் தெரியாமல் போகிறது. இது ஒரே வகைக்குள் நடப்பது. எச்1-க்கும் எச்3-க்கும் இடையே உள்ளது அதைவிடப் பெரிய தூரம். அக்டோபரில் அத்தை எச்1-க்கு எதிராகச் செய்து வைத்த எதிர்ப்பொருள், மார்ச்சில் வந்த எச்3-ஐத் தடுக்கவே முடியாது. வைரஸின் உட்புறப் புரதங்களை அடையாளம் காணும் டி செல்கள் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் அவை நோயின் கடுமையைக் குறைக்கலாமே தவிர, வாசலிலேயே நிறுத்தாது.

இன்னொன்று. சின்ன வயதில் முதன்முதலாகச் சந்திக்கிற ஃப்ளூ வகை, அதற்குப் பிறகு வருகிற எல்லாவற்றுக்கும் உடம்பு எப்படிப் பதில் சொல்லும் என்பதில் ஒரு தடம் பதித்துவிடுகிறது. அத்தை பிறந்த 1957-ல்தான் எச்2என்2 என்ற புது வகை உலகம் முழுக்கப் பரவியது. இந்தியாவுக்குள் அது நுழைந்ததே சென்னைத் துறைமுகம் வழியாக, கப்பலில். 1968-ல் எச்3என்2 வந்து அதை விரட்டும் வரை அதுதான் சுற்றிக்கொண்டிருந்தது. எச்2, எச்1-க்கு நெருங்கிய சொந்தம்; எச்3 தூரத்து வகை. அத்தையை எச்1 லேசாகத் தொட்டுவிட்டுப் போனதற்கும் எச்3 படுக்கையில் போட்டதற்கும் இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாக யாரும் எழுதிவிட வேண்டாம். ஆனால் மதியச் சாப்பாட்டைக் காரணம் சொல்வதைவிட இது நியாயமானது என்பேன்.

இனிமேல்தான் எனக்கு வலிக்கிற இடம்.

மார்ச்சில் முதலில் விழுந்தவன் என் மகன். ஆறாம் வகுப்பு. அவன் பக்கத்தில் உட்காரும் பையன் இரண்டு நாள் காய்ச்சலோடு வந்திருக்கிறான். அந்தப் பள்ளியில் ஒரு நாள் கூட லீவு போடாத பிள்ளைக்கு ஆண்டு விழா மேடையில் சான்றிதழும் கேடயமும் உண்டு. பரிசு தவறிவிடக் கூடாது என்று காலையில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பியிருக்கிறார் அந்தப் பையனின் அம்மா. அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பரிசு இல்லை என்று வைத்தவர்களைத்தான் சொல்கிறேன். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே இது அடுத்தவருக்குப் பரவத் தொடங்குகிறது, அதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் தெரிந்த பிறகாவது வீட்டில் இருக்கலாம் அல்லவா? நான் வேலை பார்க்கும் பள்ளியிலும் இந்தப் பரிசு இருக்கிறது. ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு வருடமாக எடுத்துச் சொல்கிறேன். "ஒழுங்கு குறைந்துவிடும் டீச்சர்" என்கிறார்கள். ஆசிரியர்களுக்கும் இதே கதைதான். மார்ச் மாதம் பொதுத்தேர்வு நேரத்தில் காய்ச்சல் என்று லீவு கேட்டால் பார்க்கிற பார்வையே வேறு.

சரி, அத்தைக்கு வருகிறேன். காய்ச்சல் வந்த அன்றே தெருமுனை மருந்துக் கடையில் என் கணவர் சொல்லி வாங்கி வந்தார். காகிதக் கவரில் மூன்று வேளைக்குப் பிரித்துப் போட்ட மாத்திரைகள். அதில் ஒன்று அசித்ரோமைசின். அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது. மூன்றாம் நாள்தான் டாக்டரிடம் போனோம், பரிசோதனை செய்தோம். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ரசம் சாதம் சாப்பிட்டார், டிவி பார்த்தார். ஏழாம் நாள் சாயங்காலம் திடீரென்று நடுங்கத் தொடங்கினார். மறுபடி காய்ச்சல். "அலைச்சல்தான், காலையில் பார்க்கலாம்" என்றேன். சொன்னது நான்தான். ராத்திரி இருமியபோது சளி துரு நிறத்தில் வந்தது. ஆக்சிமீட்டரில் 89.

நிமோனியா. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாக இருந்தது. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஊசி வழியாகக் கொடுத்த ஆன்டிபயாடிக்தான் அவரைக் காப்பாற்றியது. அதனால் நான் ஆன்டிபயாடிக்குக்கு எதிரி என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். எப்போது, எதற்கு என்பதுதான் என் கவலை. நிலவேம்பு, கபசுரக் குடிநீர் குடிப்பவர்களையும் நான் குறை சொல்லவில்லை, அத்தையும் குடித்தார். அதைக் குடித்தாயிற்று என்று டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள், அவ்வளவுதான்.

ஏன் அப்படி ஆனது என்று மருத்துவர் விளக்கியபோது எனக்கு அழுகை வந்தது. பாடமாக நடத்துகிற ஆளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மூச்சுக்குழாயின் உள்சுவரில் மெல்லிய மயிரிழைகள் உள்ள செல்கள் எந்நேரமும் சளியையும் தூசியையும் கிருமியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஃப்ளூ வைரஸ் குறிவைப்பது அந்தச் செல்களையும்தான். அவை செத்து உதிர்ந்த பிறகு அந்தத் துடைப்பம் இல்லை. நியூராமினிடேஸ் சயாலிக் அமிலத்தை வெட்டிவிட்டதால் பாக்டீரியா ஒட்டிக்கொள்ள இடமும் கிடைக்கிறது. வைரஸை அடக்கிய களைப்பில் நுரையீரலின் காவல் செல்களும் மந்தமாக இருக்கின்றன. நம் தொண்டையிலேயே சும்மா குடியிருக்கிற நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா கீழே இறங்க அந்த நேரம் போதும். 1918-ல் உலகம் முழுக்கச் செத்தவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது இப்படிப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாதான். நம் நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் போனார்கள், அப்போது ஆன்டிபயாடிக் என்ற ஒன்றே இல்லை.

அந்த வருடம் செப்டம்பரில் அத்தைக்கு ஃப்ளூ ஊசியும், டாக்டரிடம் கேட்டு நிமோகாக்கஸ் ஊசியும் போட்டோம். "ஊசி போட்டும் வருதே" என்பார்கள். வரலாம். சுற்றும் வைரஸோடு நன்றாகப் பொருந்துகிற வருடங்களிலேயே ஃப்ளூ ஊசி டாக்டரிடம் போகிற அளவு நோயை 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கிறது. ஆனால் ஊசி போட்டவர்கள் ஆஸ்பத்திரியில் படுப்பது குறைகிறது, எனக்கு அது போதும். வைரஸ் மாறுவதால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடி, ஊசியில் எந்தெந்த வகை இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதனால்தான் வருடா வருடம் போட வேண்டியிருக்கிறது. பலன் வர இரண்டு வாரம் ஆகும். சென்னை, வேலூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையோடுதான் ஃப்ளூ ஏறும் என்பதால் அதற்கு முன்னாலேயே போட்டுவிடுவது நல்லது.

உங்கள் அப்பாவின் இரண்டு ரிப்போர்ட்டிலும் என்ன வகை என்று இருந்தது, ஃப்ளூ ஏ-வா, ஃப்ளூ பி-யா, ஏ என்றால் எச் எத்தனை என்று எடுத்துப் பாருங்கள். இரண்டாவது காய்ச்சல் இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது என்றால், இன்று எத்தனையாவது நாள் என்று எண்ணுங்கள். நடுவில் ஒரு நாளாவது விட்டு மறுபடி காய்ச்சல் ஏறியிருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். காலை வரைக்கும் பார்க்க வேண்டாம்.