ஆட்டோலிஸ்ப்பில் கோட்டின் திசையும் கோணமும்: கேள்வி பதில்

கேள்வி: சார், ஆட்டோகேட் வரைபட மென்பொருளின் ஆட்டோலிஸ்ப் நிரல்மொழியில், ஒரு பிளாக்கை (ஒன்றாகக் கட்டிய உருவத் தொகுப்பை) 90 டிகிரி திருப்ப, ரொட்டேட் கமாண்டுக்கு பையை (π) 2-ஆல் வகுத்துக் கொடுத்தேன். லேசாகச் சாய்ந்ததோடு நின்றுவிட்டது. ஏன்?

பதில்: லிஸ்ப்புக்குள் ஆங்கிள், போலார், சைன், காஸ் எல்லாமே ரேடியன் கணக்கு (180 டிகிரி என்பது பை ரேடியன்). ஆனால் கமாண்ட் ஃபங்ஷன் வழியாகப் போகும் எண், நீங்கள் கீபோர்டில் தட்டியதற்குச் சமம். அங்கே ஏயூனிட்ஸில் (கோண அலகுக்கான அமைப்பில்) எந்த அலகு இருக்கிறதோ அதுதான் செல்லும். நீங்கள் கொடுத்தது 1.5708, அது 1.5708 டிகிரி திரும்பியிருக்கிறது. 180.0-ஆல் பெருக்கி, பையால் வகுத்து அனுப்புங்கள்.

இதே இடத்தில் இன்னொன்றும் பலரைக் குழப்பும். டெக்ஸ்ட், ஆர்க் இவற்றின் கோணம் இருக்கும் 50-ஆம் குறியீட்டை, உருவத்தின் தரவைப் படிக்கும் என்ட்கெட் ஃபங்ஷன் ரேடியனில் தரும். அதே படத்தை டிஎக்ஸ்எஃப் (படப் பரிமாற்ற வடிவக்) கோப்பாகச் சேமித்துப் பார்த்தால் அதே 50-ஆம் குறியீடு டிகிரி கணக்கில் இருக்கும்.

கேள்வி: டிகிரியை ரேடியனாக்க ஒரு ஃபங்ஷன் எழுதினேன். 180 கொடுத்தால் சரி, 45 கொடுத்தால் 0 வருகிறது.

பதில்: 45-ஐ 180-ஆல் முதலில் வகுக்கிறீர்கள். இரண்டும் முழு எண் என்பதால் லிஸ்ப் தசமத்தை வெட்டிவிட்டு 0 தரும். 180.0 என்று எழுதினால் போதும்.

கேள்வி: சர்வே வேலைக்கு பேரிங் (கோட்டின் திசைக் கோணம்) எழுத வேண்டும். ஒய் வித்தியாசத்தை எக்ஸ் வித்தியாசத்தால் வகுத்து ஏடான் (டேன் மதிப்பிலிருந்து கோணம் தரும் ஃபங்ஷன்) போட்டேன். சில கோடுகளுக்குச் சரி, சிலவற்றுக்கு நேர் எதிர்த் திசை.

பதில்: வகுத்த உடனேயே கால்வட்டம் எது என்ற தகவல் போய்விடுகிறது. (100,200)-இலிருந்து (40,280)-க்குப் போகும் கோட்டை எடுங்கள். எக்ஸ் வித்தியாசம் -60, ஒய் வித்தியாசம் 80. வகுத்தால் -1.3333, ஏடான் தருவது -53.13 டிகிரி, அதாவது கீழ்நோக்கிய தென்கிழக்கு. கோடு போவதோ வடமேற்கே. ஏடானுக்கு இரண்டு எண்களையும் தனித்தனியாக, ஒய் முதலில், எக்ஸ் அடுத்து என்று கொடுத்தால் 126.8699 டிகிரிக்குச் சமமான 2.2143 ரேடியன் கிடைக்கும். செங்குத்துக் கோட்டில் பூச்சியத்தால் வகுக்கும் பிழையும் வராது. இரண்டு புள்ளிகளும் கையில் இருந்தால் ஆங்கிள் ஃபங்ஷனே போதும். ஏடான் மைனஸ் பை முதல் பை வரை தரும் இடத்தில், இது 0 முதல் 2 பை வரை தரும்.

இனி அசிமுத். லிஸ்ப் கிழக்கில் தொடங்கி கடிகாரத்துக்கு எதிராக எண்ணுகிறது. அசிமுத் வடக்கில் தொடங்கி கடிகாரத் திசையில். ஆகவே 90-இலிருந்து கோணத்தைக் கழியுங்கள்; மைனஸ் வந்தால் 360 கூட்டுங்கள். இங்கே -36.8699, கூட்டினால் 323.1301. கால்வட்ட பேரிங்கில் (வடக்கு அல்லது தெற்கிலிருந்து 90-க்குள் எண்ணுவது) வடக்கு 36°52'12" மேற்கு.

டிகிரி, நிமிடம், விநாடி என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, கடைசியில் விநாடியை ரவுண்டு செய்யாதீர்கள். ஒருநாள் 59.7 விநாடி வந்து, பட்டியலில் 60" என்று அச்சாகும். முதலில் மொத்தத்தையும் விநாடியாக்குங்கள் (இங்கே 132731.6), 132732 என்று ரவுண்டு செய்யுங்கள், பிறகு பிரியுங்கள்.

கேள்வி: கோட்டின் மேல் நீளம் எழுதும் ஸ்கிரிப்ட்டில் பாதி எழுத்து தலைகீழாக விழுகிறது, அண்ணா.

பதில்: கோட்டின் திசை, வரைந்தவர் எந்த முனையை முதலில் கிளிக் செய்தார் என்பதைப் பொறுத்தது. கோணம் 90-ஐத் தாண்டி 270 வரை இருந்தால் 180 கூட்டுங்கள். இரண்டு எல்லையிலும் 0.001 ரேடியன் அளவுக்கு இடம் விடுங்கள். நேராக நிற்பதாகத் தெரியும் கோடு உண்மையில் 90.0000001 ஆக இருக்கலாம். இடம் விடாவிட்டால் அது மட்டும் திரும்பிக்கொண்டு, தாளின் இடப்பக்கத்திலிருந்து படிக்கும்படி நிற்கும். எழுத்தைக் கோட்டிலிருந்து தள்ளி வைக்கும் திசையையும் திருத்திய கோணத்தோடு 90 கூட்டியே எடுக்க வேண்டும். பழைய கோணத்தில் எடுத்தால், திருப்பிய எழுத்தெல்லாம் கோட்டுக்குக் கீழே போய்விடும்.

கேள்வி: இரண்டு கோடுகள் இணையா என்று கோணங்களை ஒப்பிடுகிறேன். கண்ணுக்கு இணை, ஸ்கிரிப்ட் இல்லை என்கிறது.

பதில்: கோணங்களை நேரடியாக ஒப்பிடாதீர்கள். ஒன்று 0.0000001, மற்றது 6.2831852 என்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே திசை, எண்ணில் மட்டும் எட்டாத தூரம். எதிர்ப்பக்கமாக வரைந்த கோடு என்றால் 180 வித்தியாசம் வரும். கோண வித்தியாசத்தின் சைன் மதிப்பைப் பாருங்கள். குறியை விட்டுவிட்டு அது 0.00001-க்குள் இருந்தால் இணை. 100 மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் விலகல் அது. ஒரே பக்கம் போகின்றனவா என்று தெரிய, காஸ் நேர்மதிப்பா என்று பார்த்தால் போதும். செங்குத்துக்குச் சோதனை காஸ் பூச்சியமா என்பது.

கேள்வி: என் படத்தில் எல்லாம் சரி. இன்னொருவர் அனுப்பிய படத்தில் ஒவ்வொன்றும் சரியாக 30 டிகிரி தள்ளி வருகிறது.

பதில்: அந்தப் படத்தில் யூசிஎஸ்ஸை (பயனர் தானே அமைக்கும் ஆய அச்சுகளை) 30 டிகிரி திருப்பி வைத்திருக்கிறார்கள். பயனரிடம் புள்ளி கேட்கும் கெட்பாயின்ட் தரும் புள்ளி யூசிஎஸ்ஸில். லைனின் 10, 11 குறியீடுகள் (தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி) உலக ஆயத்தில், அதாவது படத்தின் மாறாத அச்சுகளில். ஆங்கிள் ஃபங்ஷனுக்கு இந்த வேறுபாடு தெரியாது, கொடுத்த எண்களை வைத்துக் கணக்கிடும். ஆகவே கலக்காதீர்கள். கமாண்ட் வழியாக வரைவதென்றால் 10, 11 இரண்டையும் டிரான்ஸ் ஃபங்ஷன் மூலம் 0-இலிருந்து (உலக ஆயம்) 1-க்கு (யூசிஎஸ்) மாற்றிவிட்டு ஆங்கிள் எடுங்கள். என்ட்மேக் (உருவத்தை நேரடியாக உருவாக்கும் ஃபங்ஷன்) வழியாக என்றால் கெட்பாயின்ட் புள்ளியை 1-இலிருந்து 0-க்கு மாற்றி, எல்லாவற்றையும் உலக ஆயத்திலேயே வையுங்கள். யூசிஎஸ் இசட் அச்சைச் சுற்றி மட்டும் திரும்பியிருக்கும்வரை இது சரியாக வரும்.

கேள்வி: பாலிலைனில் (பல துண்டுகள் தொடர்ந்த ஒரே கோட்டில்) வளைவுத் துண்டு தொடங்கும் இடத்தில் தொடுகோட்டுத் திசை வேண்டும்.

பதில்: 42-ஆம் குறியீட்டில் உள்ள பல்ஜ் என்பது, வளைவின் மையக் கோணத்தில் கால் பங்கின் டேன் மதிப்பு. இரு முனைகளையும் இணைக்கும் நாணின் கோணத்திலிருந்து, பல்ஜின் ஏடானை 2-ஆல் பெருக்கிக் கழித்தால் தொடக்கத் திசை; கூட்டினால் முடிவுத் திசை. பல்ஜ் 1 என்றால் அரைவட்டம், ஏடான் 45 டிகிரி, கழிப்பது 90. மைனஸ் பல்ஜ், அதாவது கடிகாரத் திசை வளைவு, அதே சூத்திரத்தில் தானாகச் சரியாகிவிடும்.

கேள்வி: பயனரிடம் கோணம் கேட்க எது, கெட்ஆங்கிளா, கெட்ஓரியன்ட்டா?

பதில்: எவ்வளவு திருப்புவது என்று கேட்க கெட்ஆங்கிள், எந்தத் திசையில் என்று கேட்க கெட்ஓரியன்ட். ஆங்பேஸை (பூச்சியக் கோணம் தொடங்கும் திசையை) வடக்குக்கு மாற்றியிருந்தாலும் கெட்ஓரியன்ட் கிழக்கிலிருந்து எண்ணிய கோணத்தையே திருப்பித் தரும், அதை அப்படியே போலாருக்குக் கொடுக்கலாம்.