தாய் காட்டிய வழி

கேள்வி: திமிங்கிலத்தின் மரபணுவைப் பார்த்து அது போய்வரும் பாதையைச் சொல்ல முடியுமாமே, எப்படி? (ஒரு வாசகி)

பதில்: முடியும் அம்மா. கூனல்முதுகுத் திமிங்கிலங்களைப் பாருங்கள். குளிர்காலத்தில் ஹவாய் பக்கம் வெதுவெதுப்பான கடலில் குட்டி போடும். கோடையில் அலாஸ்கா போன்ற குளிர்ந்த கடலுக்குப் போய் இரை தின்னும். நடுவே பல ஆயிரம் கிலோமீட்டர்.

ஆய்வாளர்கள் படகில் நெருங்கி, குழல் முனை கொண்ட சிறு அம்பை எய்வார்கள். அது முதுகில் பட்டுத் தெறித்து, துளி தோலோடு தண்ணீரில் மிதக்கும். 2004 முதல் 2006 வரை வட பசிபிக் முழுக்க இப்படித் தோல் சேகரித்தார்கள். வால் அடிப்புறத்தையும் படம் எடுத்தார்கள். நம் கைரேகை மாதிரி, அது ஒவ்வொன்றுக்கும் வேறு.

தோலில் அவர்கள் முக்கியமாகத் தேடியது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, அதாவது செல்லுக்குள் ஆற்றல் தரும் நுண்ணுறுப்பில் இருக்கும் மரபுப் பொருள். அது தாயிடமிருந்து மட்டுமே வரும். இரை தேடும் கடலுக்குக் கடல் அதன் வகைகளின் விகிதம் நன்றாகவே மாறியிருந்தது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் டிஎன்ஏவிலோ வேறுபாடு மிகக் குறைவு.

காரணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது. பால்குடிக் குட்டி முதல் வருடம் தாயின் விலாவை ஒட்டியே நீந்தி அந்த இடத்துக்குப் போகிறது. அப்புறம் தாயைப் பிரிந்த பிறகும், ஆண்டுதோறும் பெரும்பாலும் அதே கடலுக்குத்தான் திரும்புகிறது. அதனால் ஓரிடத்தில் அவற்றை அழித்துவிட்டால், வேறிடத்துத் திமிங்கிலங்கள் சீக்கிரம் வந்து அந்தக் கடலை நிரப்பிவிடாது.