வாடிக்கையாளர் தந்த முன்பணமும் பந்தயக் குதிரையும்

கேள்வி: வெளியூர் போகிறவர்களின் வீட்டு நாய், பூனைகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். விடுமுறைக் காலத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. மற்ற மாதங்களில் வேலை குறைவு. வாரக் கடைசியில் குதிரைப் பந்தயத்துக்குப் போவேன். விலங்குகளோடு பழகிய கண் என்பதால் நடையைப் பார்த்தே ஓரளவு கணித்துவிடுவேன். சில முறை ஜெயித்திருக்கிறேன். சென்ற விடுமுறைக்கு வாங்கிய முன்பணத்தில் கொஞ்சம் பந்தயத்தில் போய்விட்டது. அடுத்து வந்த முன்பணத்தை வைத்து ஈடுகட்டினேன். வேலை குறைந்த மாதங்களுக்குப் பந்தயத்தை இன்னொரு வருமானமாக வைத்துக்கொள்ளலாமா? ஒரு குதிரையில் பங்கு வாங்கத் தோழி அழைக்கிறாள், சேரலாமா?

பதில்: முதலில் முன்பணத்தைப் பேசிவிடுவோம். அது உங்கள் கைக்கு வந்துவிட்டது, ஆனால் இன்னும் உங்கள் பணமாகவில்லை. பூனைக்குக் கடைசி வேளை மாத்திரையைக் கொடுத்து, மணல் தட்டைச் சுத்தம் செய்து, சாவியைத் திருப்பித் தரும்வரை அது வாடிக்கையாளரின் பணம். அவர் பயணம் ரத்தானால் திருப்பித் தர வேண்டியிருக்கும். உங்களுக்கே காய்ச்சல் வந்தால் மாற்று ஆளுக்கு அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். ஈடுகட்டியதாக எழுதியிருக்கிறீர்கள், ஈடுகட்டியது இன்னொரு வாடிக்கையாளரின் பணத்தால். இதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. வீட்டுச் சாவியை நம்பிக் கொடுக்கிற தொழிலில் ஒரு முறை பெயர் கெட்டால் மீள்வது கடினம். முன்பணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். வேலை முடிந்த பிறகே அங்கிருந்து எடுங்கள்.

உங்கள் கண்ணை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கிண்ணத்தில் பாதி உணவை விட்ட பூனைக்கு உடம்பு சரியில்லை என்று ஊகிக்கத் தெரிந்தவருக்கு, பின்தொடைகளுக்கிடையே வியர்வை நுரைத்து நிற்கும் குதிரையின் பதற்றமும் தெரியும். ஆனால் அதைப் பயிற்சியாளர்களும் பழம்தின்று கொட்டை போட்ட பந்தயக்காரர்களும் பார்க்கிறார்கள். அவர்கள் அந்தக் குதிரையில் பணம் கட்டுவதால், அது ஜெயித்தால் கிடைக்கும் தொகை குறைந்துவிடுகிறது. நல்ல குதிரையைக் கண்டுபிடித்தால் போதாது. கூட்டம் மதிப்பிட்டதைவிட நல்ல குதிரையைக் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் பந்தயத்தை நடத்துபவர் பிடித்துக்கொள்ளும் கழிவைத் தாண்டும் அளவுக்கு.

டோட் என்ற பந்தய முறையில் எல்லோரும் கட்டிய பணம் ஒன்றாகச் சேரும். நடத்துபவரின் பங்கும் வரியும் போக மீதிதான் ஜெயித்தவர்களுக்கு. அந்தக் கழிவு பல இடங்களில் 15 முதல் 25 சதவீதம் வரை இருக்கிறது. பல பந்தயங்களில் ஜெயிக்கும் குதிரைகளைச் சேர்த்துக் கணிக்கும் ஜாக்பாட் போன்றவற்றில் பெரும்பாலும் இன்னும் அதிகம். 20 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். 100 கட்டினால் சராசரியாகத் திரும்புவது 80. அதையே மறுபடி கட்டினால் 64, அடுத்து 51, ஐந்தாம் சுற்றில் 33. நீங்கள் ஜெயித்தது நினைவிருக்கிறது. தோற்றதை எழுதி வைத்திருக்கிறீர்களா? மூன்று மாதம், கட்டும் ஒவ்வொரு தொகையையும் எழுதிப் பாருங்கள். இதை வருமானமாக எண்ண வேண்டாம்.

வேலை குறைந்த மாதங்களுக்கு வழி உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. சென்ற ஆண்டின் மொத்த வருமானத்தில் வரியையும் தொழில் செலவையும் கழித்து, 12-ஆல் வகுத்து, அதை மட்டும் மாதச் சம்பளமாக எடுங்கள். விடுமுறைக் காலத்தில் மிஞ்சுவது மற்ற மாதங்களைத் தாங்கும். வேலைக்குப் போகிறவர்களின் நாயைத் தினமும் நடத்திச் செல்லும் பணி விடுமுறையை நம்பி இருப்பதில்லை. அப்படி இரண்டு மூன்று வீடுகளைப் பிடியுங்கள். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் கட்டணம் உண்டு என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். நாய் யாரையாவது கடித்தால் வரும் செலவுக்குப் பொறுப்புக் காப்பீடு அவசியம்.

பந்தயத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சம்பளத்திலிருந்து மாதத் தொடக்கத்திலேயே ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். தீர்ந்தால் அந்த மாதம் பார்வையாளராக மட்டும் இருங்கள். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தால் தாமதிக்காமல் மனநல ஆலோசகரிடம் பேசுங்கள்.

குதிரைப் பங்கு விஷயம். தீவனம், லாயம், பயிற்சி, லாடம், மருத்துவம் ஆகிய செலவுகள் குதிரை ஓடாத மாதத்திலும் வரும். முன்னங்கால் தசைநாணில் காயம்பட்டால் பல மாதம் ஓய்வு. பெரும்பாலான குதிரைகள் தங்கள் செலவைக்கூடப் பரிசுப் பணத்தில் ஈட்டுவதில்லை. மாதம் எவ்வளவு கட்ட வேண்டும், விலகினால் பங்கை யார் வாங்குவார்கள், ஓய்வுபெற்ற குதிரை யார் பொறுப்பு என்பதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். ஆறு மாதச் செலவுக்கான சேமிப்பு கையில் சேரும்வரை, தோழியிடம் இப்போதைக்கு முடியாது என்று சொல்லிவிடுங்கள்.