பினாங்கு கொடிமலை உண்ணி: மண்ணெண்ணெய் வேணாம்

கொடிமலையில கெண்டைக்கால்ல உண்ணி ஒட்டிக்கிச்சு, மண்ணெண்ணெய் ஊத்தலாமா, குரங்குக் காய்ச்சல் வருமான்னு கேட்டீங்க. அந்த உண்ணிக்கு மண்ணெண்ணெய் ஊத்தாதீங்க, லைட்டரும் காட்டாதீங்க. சீண்டினா அது எச்சிலைக் கடிவாய்க்குள்ள கக்கிடும், கிருமி இருந்தா அதோடவே போயிடும்.

கூரான டுவீசரால தோலை ஒட்டி, உண்ணியோட வயித்தை அமுக்காம தலைகிட்ட புடிச்சு திருகாம நேரா மேல இழுங்க, அப்புறம் சோப்பு போட்டுக் கழுவுங்க. வாய் முள்ளு உள்ள நின்னா நோண்டாதீங்க, தானா வந்துரும்.

நீங்க பயப்படுற குரங்குக் காய்ச்சல், உண்ணி கடிச்சுப் பரவுற வைரஸ் காய்ச்சல், 1957ல கர்நாடகா கியாசனூர் காட்டுல கண்டுபிடிச்சது, பினாங்கு சரக்கு இல்லலா.

ஆனா ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா கிளினிக்ல கடிச்ச தேதியை நீங்களே சொல்லுங்க, இங்க காய்ச்சல்னாலே முதல்ல டெங்கின்னுதான் பார்ப்பாங்க, டெங்கி மாதிரியே உண்ணி வைரஸ் சிலதுலயும் ரத்தத்துல பிளேட்லெட் இறங்கும்.